தும்பாங் லாலு

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை, கோலாலம்பூரின் வங்சா மாஜு நிலையத்தில் எல்.ஆர்.டி. என்ற நகர ரயிலில் ஏறினேன். எதிரே நின்ற பையனுக்கு இருபது வயது இருக்கும். கைப்பேசியை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சத்தத்தோடு காணொளி பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றும் பத்து விநாடி. ஆள் மாறினாலும், கதை மாறினாலும், கடைசியில் ஒரே சிரிப்பொலி. ஸ்ரீ ரம்பாய், செத்தியாவங்சா, ஜெலாத்தேக் என்று நிலையங்கள் வந்து போயின. நான் முறைத்தேன். அவன் நிமிரவே இல்லை. பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்து ‘உச்’ கொட்டினேன். அவள் காதில் காதொலிப்பான் மாட்டியிருந்தாள். ரயில் டாமாய் தாண்டிச் சுரங்கத்துக்குள் இறங்கும்போது நான் மனத்துக்குள் அவனைப் பெற்றவர்கள் வரை போய், அவர்களுடைய வளர்ப்பையும் விசாரித்து முடித்திருந்தேன்.

அம்பாங் பார்க்கில் அவன் இறங்கினான். எனக்கு உட்காரவும் இடம் கிடைத்தது. அந்த நேரம் பார்த்து என் கைப்பைக்குள் நாதஸ்வரம் முழங்கியது. ஈப்போவிலிருந்து அக்கா. மருமகளுக்குச் சீமந்தம். வளையல் எத்தனை டஜன், சித்ரான்னம் எத்தனை வகை, சம்பந்தி வீட்டிலிருந்து எத்தனை பேர் என்று பேச வேண்டியது நிறைய இருந்தது. சுரங்கத்தில் குரல் விட்டு விட்டுக் கேட்டதால் நான் உயர்த்திப் பேசினேன். கேஎல்சிசி, கம்போங் பாரு. டாங் வாங்கி வருவதற்குள் எங்கள் சீமந்தத்தின் முழு விவரமும் பெட்டியில் இருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனப் பாட்டி என் முழங்கைக்குச் சற்று மேலே இரண்டு விரலை வைத்தார். "பெலான் சிக்கிட், யா" என்றார். கொஞ்சம் மெதுவாக, சரியா என்று பொருள். ஒரு சிரிப்பு. உடனே குனிந்து தம் பைக்குள் எதையோ தேடத் தொடங்கிவிட்டார். எதையும் அவர் எடுக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

செத்தாப்பாக்கில் ஓர் அடுக்குமாடியில் பதினான்காவது மாடியில் குடியிருக்கிறேன். மஸ்ஜிட் ஜாமெக் அருகே ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலை. இந்தத் தடத்தில் வங்சா மாஜு பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது 1999-இல். அன்றிலிருந்து இந்த ரயிலில்தான் வாழ்க்கை. இத்தனை வருடத்தில் நான் முறைத்து ஒருவராவது திருந்தியதாக நினைவில்லை. அந்தப் பாட்டி மூன்றே சொல்லில் என்னைத் திருத்திவிட்டார். அன்று அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தேன். அவர் சொன்ன சொல்லில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. சொன்னபின் பார்வையை எடுத்துவிட்டாரே, அதில்தான் இருந்தது. நான் வெட்கப்படுவதைப் பார்க்க அவர் காத்திருக்கவில்லை. பார்த்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

அதன்பின் அந்தப் பாட்டியின் வழியில் சிலவற்றைச் செய்து பார்த்தேன். பலித்ததும் உண்டு, பலிக்காததும் உண்டு.

முதலில் ரயில். மஸ்ஜிட் ஜாமெக்கில் மூன்று எல்.ஆர்.டி. தடங்கள் சந்திக்கின்றன. காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போது உள்ளிருந்து இறங்குகிறவர்களும் வெளியிலிருந்து ஏறுகிறவர்களும் நேருக்கு நேர் மோதிக்கொள்வதைப் பார்த்தால் சடுகுடு ஆட்டம் நினைவுக்கு வரும். இறங்குகிறவருக்கு முதல் வழி என்று நடைமேடைத் தரையில் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். அதன்மேல்தான் நிற்கிறார்கள். முன்பெல்லாம் நான் தோளைக் கொடுத்து இடித்துக்கொண்டு இறங்குவேன். இப்போது கதவு திறப்பதற்கு முன்பே, கண்ணாடிக்கு வெளியே நேர் எதிரில் நிற்கிறவரைப் பார்த்து வலது கையைத் தாழ்த்தி, "தும்பாங் லாலு" என்று சொல்வேன். கண்ணாடி வழியே சத்தம் கேட்காது. ஆனால் வாயசைவும் கையும் போதும். அவர் ஒதுங்குவார். அவர் ஒதுங்கினால் பின்னால் இருப்பவரும் ஒதுங்குகிறார்.

இந்தத் ‘தும்பாங் லாலு’வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ‘தும்பாங்’ என்றால் இன்னொருவரின் வண்டியில் ஒட்டிக்கொண்டு போவது. நம் வீடுகளில் ‘அவர் காரில் தும்பாங் போனேன்’ என்று சொல்வதுண்டே, அதே சொல். ‘லாலு’ என்றால் கடந்து போவது. உங்கள் இடத்தில் ஒட்டிக்கொண்டு கடக்கிறேன், அனுமதியுங்கள் என்பதுதான் அதன் உட்பொருள். காட்டு வழியில், ஆளில்லாத இடத்தில் போகும்போதுகூட மலாய்க்காரர்கள் இதைச் சொல்வார்கள். அங்கே குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாதவர்களுக்காம். என் அப்பா கோலா சிலாங்கூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் அவர்கள் முன்னால் முதுகை வளைத்து, வலக்கையை முழங்காலுக்கு இறக்கிக்கொண்டுதான் போவார். யாரையாவது காட்ட வேண்டுமென்றால் சுட்டுவிரலை நீட்ட மாட்டார். மற்ற விரல்களை மடக்கிக் கட்டைவிரலால்தான் காட்டுவார். மலாய்க்காரர்களிடம் கற்றுக்கொண்டது. பள்ளியில் ஒவ்வொரு வாரமும் தேசியக் கோட்பாடு சொன்னோம். ஐந்தாவது கோட்பாடு நன்னடத்தையும் ஒழுக்கமும். 1970-இல் எழுதப்பட்டது. எனக்கு அது மனப்பாடம் மட்டும்தான். அப்பா அதை மனப்பாடம் செய்ததே இல்லை, கட்டைவிரலில் வைத்திருந்தார்.

முதுகுப் பை இன்னொரு தொல்லை. உட்கார்ந்திருக்கும் என் மூக்கு உயரத்தில்தான் நிற்கிறவர்களின் பை ஆடும். இதற்கு வாய் தேவையே இல்லை. பைக்காரரின் பையை இரண்டு விரலால் லேசாகத் தட்டி, அவர் திரும்பியதும் என் மடியில் இருக்கும் பையைத் தட்டிக் காட்டுவேன். உடனே புரிந்துகொண்டு முன்னால் மாட்டிக்கொள்வார்கள். ‘மன்னிக்கவும்’ என்று சிலர் சங்கடப்படவும் செய்வார்கள். முதுகுக்குப் பின்னால் நடப்பது யாருக்குத்தான் தெரியும்?

முன்னுரிமை இருக்கை இவ்வளவு சுலபம் இல்லை. என் அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. கைத்தடி ஊன்றி நடப்பார். மாதம் ஒருமுறை கண் சிகிச்சைக்கு அழைத்துப் போகிறேன். முன்பெல்லாம் ஏறியதும் பொதுவாகக் காற்றிடம் முறையிடுவேன்: "வயதானவர் நிற்கிறார், யாருக்காவது மனசு இருக்கிறதா பார்." யாரும் அசைய மாட்டார்கள். பெட்டியில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தூக்கம் வந்துவிடும். அது வீம்பு என்றுதான் நினைத்திருந்தேன். எல்லாரையும் கேட்டால் யாரையும் கேட்கவில்லை என்று பின்னால்தான் புரிந்தது. இப்போது ஒருவரைப் பார்த்து, அவரை மட்டும் கேட்கிறேன். "டிக், போலே பாகி மாக் சாயா டூடோக்?" தம்பி, என் அம்மா உட்கார இடம் கொடுக்க முடியுமா? பெரும்பாலும் கேட்டு முடிப்பதற்குள் எழுந்துவிடுகிறார்கள்.

ஆனால் ஒருநாள் அப்படிக் கேட்டதும் ஓர் இளைஞன் எழுந்தான். எழுந்தபோதுதான் அவன் வலது முழங்காலில் பெரிய கட்டு இருந்தது தெரிந்தது. கால்சட்டைக்குள் தடித்துத் தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் எடையைப் போட்டு நின்றான். அம்மா அவன் கையைப் பிடித்துத் திரும்ப உட்காரச் சொன்னார். அவன் மறுத்தான். இரண்டு பேரும் மாற்றி மாற்றி மறுத்துக்கொண்டிருக்க, எதிர் வரிசையில் ‘தூங்கிக்கொண்டிருந்த’ ஒருவர் கண்ணை விழித்து எழுந்தார். அன்றிலிருந்து கேட்கும்போது ஒரு வால் சேர்த்துக்கொள்கிறேன்: "முடியாவிட்டால் பரவாயில்லை." இல்லை என்று சொல்லவும் வழி விட வேண்டும். யார் உடம்பில் என்ன கட்டு இருக்கிறதோ.

ரயிலைவிட வண்டி நிறுத்தும் இடத்தில்தான் என் சுயரூபம் வெளியே வரும். கோலாலம்பூரில் காரின் இரண்டு பக்க விளக்கையும் சிமிட்டவிட்டால் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று ஓர் எழுதப்படாத சட்டம் இருக்கிறது. செந்தூலில் ஒரு கோவிலுக்கு வெள்ளிக்கிழமை மாலை அம்மாவோடு போயிருந்தேன். பூசை முடிந்து, அன்னதானம் சாப்பிட்டு வந்தால் என் காருக்குப் பின்னால் குறுக்கே ஒரு வெள்ளை மைவி கார். விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கிறது. ஆள் இல்லை. கைப்பேசி எண்ணும் இல்லை. ஐந்து நிமிடம் பொறுத்தேன். பிறகு ஹாரனில் கையை வைத்தவள் எடுக்கவில்லை. அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "கோவில் வாசலில் ஏனம்மா இப்படி?" என்றார். எனக்குக் காது கேட்டிருந்தால்தானே! கணக்குப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். "படித்தவர்தானே? வீட்டில் சொல்லித் தரவில்லையா?" என்று கொட்டை எழுத்தில் எழுதி அந்தக் காரின் கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் செருகினேன்.

நாற்பது நிமிடம் கழித்து ஒருவர் ஓடிவந்தார். வேட்டி மடித்துக் கட்டியிருந்தது. சட்டை முழுவதும் மஞ்சள் கறை. ஒரு மணி நேரத்துக்கு முன்பு என் இலையில் இரண்டாம் முறை சாம்பார் ஊற்றி, "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா அக்கா?" என்று கேட்டவர். "மன்னித்துவிடுங்கள் அக்கா, அரிசி மூட்டையை இறக்கிவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தேன். பரிமாற ஆளில்லை என்று பிடித்துக்கொண்டார்கள்" என்றார். கண்ணாடியில் இருந்த தாளை எடுத்துப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கசக்கி எறிந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

அவர் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. அம்மா நாற்பது நிமிடம் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் செய்திருக்க வேண்டியது என்ன என்பதுதான் பிறகு தெரிந்தது. உள்ளே போய் ஒலிபெருக்கிக்காரரிடம் வண்டி எண்ணைக் கொடுத்திருந்தால் தீபாராதனைக்கும் அர்ச்சனைச் சீட்டு அறிவிப்புக்கும் நடுவே கூப்பிட்டிருப்பார்கள். எல்லாக் கோவிலிலும் வாரம் தவறாமல் அது நடக்கிறது. அதை விட்டுவிட்டுக் கேட்காத காதுக்கு ஹாரன் அடித்திருக்கிறேன். இப்போது என் காரில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடிக்குக் கீழே என் கைப்பேசி எண் பெரிய எழுத்தில் எழுதிய அட்டை இருக்கிறது. வேறு வழியில்லாமல் மறித்து நிறுத்தினால் அட்டையை நிமிர்த்தி வைப்பேன். கைப்பேசியை மௌனத்தில் போட மாட்டேன், கோவிலுக்குள் போனாலும் அதிர்வில் வைப்பேன். அழைப்பு வந்தால் சாப்பாட்டு இலையில் இருந்தாலும் எழுந்து வர வேண்டும். எழுந்து வர முடியாதவர் மறித்து நிறுத்தக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை.

சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2019 ஜனவரி 1 முதல் எல்லா உணவகங்களிலும் புகைபிடிக்கத் தடை. மூன்று மீட்டர் தள்ளிப் போக வேண்டும். ஆனால் மாமாக் கடைகளில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவகங்களில், சிலர் நாற்காலியைச் சாலையோரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, காற்று உள்பக்கம் வீசும்படி ஊதுவார்கள். அவர்களிடம் நான் பேசுவதில்லை. தே தாரேக் (இழுத்து ஆற்றிய தேநீர்) கோப்பையோடு வேறு மேசைக்குப் போய்விடுவேன், வேண்டுமானால் கடைக்காரரிடம் சொல்வேன். டிஷ்யூ பொட்டலத்தை வைத்து மேசை பிடிப்பதைப் பலர் திட்டுகிறார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை. தனியாகச் சாப்பிடப் போகிறவள் தட்டைத் தூக்கிக்கொண்டு இடம் தேடி அலைய முடியுமா? மூன்று பேர் எட்டுப் பேருக்கான மேசையில் டிஷ்யூ வைத்தால் மட்டும் கேட்பேன். பொதுக் கழிவறையைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த முடியாது என்பதால் விடுகிறேன். குழாயைக் கொக்கியில் மாட்டுங்கள், அது போதும்.

அடுக்குமாடிக்கு வருகிறேன். இங்கேதான் நான் பெரிதாகத் தவறியது.

எங்கள் கட்டடத்தில் மூன்று மின்தூக்கிகள். அவற்றில் இரண்டு ஒருமுறை மூன்று வாரம் ஓடவில்லை. அந்த வாரங்களில் கீழ்த்தளத்துச் சாக்கடை ஓரத்தில் விடிகாலையில் குப்பைப் பைகள் கிடக்கத் தொடங்கின. மேலிருந்து விழுந்து வெடித்தவை. மீன் தலை, சோறு, டயாப்பர். குடியிருப்பாளர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒருவர் படம் எடுத்துப் போட்டார். காலை பசியாறுவதற்குள் நூறு செய்திக்குமேல் வந்துவிட்டது. ஒன்பதாவது மாடியில் பங்களாதேஷ் தொழிலாளர்கள் ஆறேழு பேர் ஒரு வீட்டில் தங்கியிருக்கிறார்கள். ‘அவர்கள்தான்’ என்று யாரோ எழுதினார். ‘வேறு யார்?’ என்று இன்னொருவர். நானும் கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்றைப் போட்டேன். அப்பாவின் கட்டைவிரல் அது இல்லை.

இது வெறும் எரிச்சல் இல்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2018 ஜனவரியில் பந்தாய் டாலத்தில் ஓர் அடுக்குமாடியில் மேலிருந்து வந்து விழுந்த நாற்காலி பட்டு 15 வயதுத் தமிழ்ப் பையன் இறந்துபோனான். அன்று முழு நாடும் பதறியது. அதற்குப் பிறகும் மேலிருந்து பை விழுகிறதென்றால் எப்படிச் சும்மா இருப்பது?

நான்கு நாள் கழித்து எங்கள் நேப்பாளக் காவலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கு யாரென்று தெரியும். குழுவில் அவர் இல்லை, அவரை யாரும் கேட்கவும் இல்லை. எங்கள் வரிசையில் பதினோராவது மாடியில் இருக்கும் பாட்டியம்மா. நம் ஆள்தான். முட்டி வலி. மகனுக்கு இரவு வேலை. மின்தூக்கிக்கு அரை மணி நேரம் நிற்க அவரால் முடியவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து கீழே எட்டிப் பார்த்துவிட்டுப் பையை விட்டுவிடுகிறார்.

அன்று மாலை அவர் வீட்டுக் கிரில் கதவைத் தட்டினேன். கதவுக்குள்ளிருந்தே பேசினார்.

"ஆள் இல்லை என்று பார்த்துத்தான் போடுகிறேன், தாயி."

"இருட்டில் தெரியுமா அம்மா? மேலே இருந்து நாற்காலி விழுந்து ஒரு பையன் செத்துப்போனானே."

"நாற்காலியும் குப்பையும் ஒன்றா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பதினொரு மாடி உயரத்திலிருந்து விழும்போது ஒரு கிலோ மீன் கழிவும் கல்தான் என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, "நாளையிலிருந்து பையைக் கட்டி இந்தக் கிரில்லில் மாட்டி வையுங்கள். ஆறே முக்காலுக்கு நான் இறங்கும்போது எடுத்துக்கொண்டு போகிறேன்" என்றேன். சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் வாசல் துளசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சீனப் பாட்டி கற்றுக்கொடுத்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இரண்டு நாளைக்கு ஒருமுறை போதும், தாயி. நான் ஒருத்திதானே" என்றார்.

மிச்ச நாள் முழுக்க எடுத்தேன். பை விழுவது நின்றது. மின்தூக்கி சரியானதும் அவர் மகன் எடுக்கத் தொடங்கினார். குழுவில் பெயர் சொல்லவில்லை. ‘ஆளிடம் பேசியாயிற்று, இனி நடக்காது’ என்று மட்டும் எழுதினேன். ஒன்பதாவது மாடிக்காரர்கள் இல்லை என்று அதில் ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. அந்தப் பையன்கள் இன்னும் மின்தூக்கியில் என்னைப் பார்த்தால் சுவரோரம் ஒதுங்கி இடம் விடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று இருக்கிறது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு அடுக்குமாடிக் குறைகளைப் புலனக் குழுவில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அங்கே எழுதுவது நிர்வாகத்துக்குப் புகார் கொடுத்ததாகாது, ஊருக்கு அலர் தூற்றியதாகத்தான் ஆகும். தேதி, நேரம், மாடி, படம் எல்லாவற்றையும் சேர்த்து நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்கிறேன். 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757, துணை விதிகளை மீறுகிறவருக்கு 200 வெள்ளி (ரிங்கிட்) வரை தண்டம் விதிக்க வழி செய்திருக்கிறது. குப்பை போடுகிறவர்களை 2026 ஜனவரி 1 முதல் நீதிமன்றம் சமூக சேவைக்கும் அனுப்பலாம், 12 மணி நேரம் வரை. இவையெல்லாம் இருக்கட்டும். ஆனால் மின்தூக்கி பழுது என்று அந்த மூன்று வாரத்தில் நாங்கள் எழுத்தில் ஒரு புகாரும் கொடுத்திருக்கவில்லை. அத்தனை பேரும் குப்பையைத்தான் படம் எடுத்தோம். ஓடாத மின்தூக்கியை ஒருவரும் எடுக்கவில்லை.

எல்லாரிடமும் போய்ப் பேசச் சொல்லவில்லை. குடித்திருப்பவரிடம் பேச மாட்டேன். இரவு பத்து மணிக்குமேல் தனியாக இருந்தால் வாயே திறக்க மாட்டேன், அடுத்த நிலையத்தில் பெட்டி மாறிவிடுவேன். கோமுட்டர் என்ற புறநகர் ரயிலில் 2010-இலிருந்து மகளிர் பெட்டி இருக்கிறது. அதில் ஏறி உட்கார்ந்திருக்கும் ஆண்களிடம் நானே சண்டைக்குப் போவதில்லை, நிலைய ஊழியரிடம்தான் சொல்வேன். கார் ஓட்டும்போது யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. கண்ணாடியை இறக்கியவர்கள் பாதிப் பேர் பேச்சோடு நிறுத்துவதில்லை.

தைப்பூசத்தன்று பத்துமலையில் எந்த உபதேசமும் எடுபடாது. 272 படியில், காவடி தூக்கி வருகிறவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களை எத்தனை பேரிடம் போய்ச் சொல்ல முடியும்? நான் கையில் ஒரு காலிப் பையோடு போவேன். பால் பொட்டல உறை, வாழைப்பழத் தோல் என்று எங்கள் குடும்பத்தின் குப்பை அதிலேயே வீட்டுக்குத் திரும்பிவிடும். பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துத் தங்களுக்கும் ஆளுக்கொரு பை கேட்கிறார்கள், மிட்டாய் உறை போடுவதற்காக மிட்டாய் வாங்கித் தின்றுகொண்டே.

கடைசியாக, தோற்றுப்போன ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டடத்துக்கு முன்னால் இருப்பது பொது வாகன நிறுத்துமிடம். யார் முதலில் வருகிறாரோ அவருக்கு இடம். கீழ்வீட்டு அண்ணன் ஒருவர் பத்து வருடமாக ஓர் இடத்தில் பெயிண்ட் வாளியில் சிமென்ட் ஊற்றி, நடுவில் ஒரு குழாயை நட்டு வைத்திருந்தார். காலையில் போகும்போது வாளியை இழுத்து வைப்பார், மாலையில் வந்து நகர்த்துவார். நானும் என் வித்தை எல்லாவற்றையும் காட்டினேன். மெதுவாகச் சொன்னேன், தனியாகச் சொன்னேன், கேள்வியாகக் கேட்டேன், பார்வையையும் எடுத்துக்கொண்டேன். "சரிம்மா, பார்க்கிறேன்" என்றார். வாளி அங்கேயே இருந்தது. எழுத்தில் புகார் கொடுத்தேன். நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியது: தடுப்புப் பொருள் வைக்கக் கூடாது.

ஒரு வாரத்தில் சிமென்ட் வாளி போய்விட்டது. அதே இடத்தில் அதைவிடப் பெரிய வாளி ஒன்று, மண் நிரப்பி, கறிவேப்பிலைச் செடியோடு. கேட்டதற்கு, "இது தடுப்பு இல்லையம்மா, செடி" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் செடியைக் கட்டைவிரலால் காட்டி, "வேண்டும்போது பறித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, காரின் முன்கண்ணாடியைத் துடைக்கத் திரும்பிவிட்டார்.

நேற்று ரசத்துக்கு இரண்டு கொத்து பறித்தேன். காரைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு நடந்துதான் வந்தேன்.